பெயரில்லாத நீர்நாய்

முதலில் ஒரு நீள நோட்டுதான்.
இலை எடைக் கணக்கெழுதி மீந்த பக்கங்களில்
பத்தொன்பது பிள்ளைகள்,
எதிரே பத்தொன்பது அண்ணன், அக்கா.
நோட்டு கோத்தகிரியில் இருக்கும் வாரம்
குன்னூரில் யாரும் யாரையும் சந்திக்கவில்லை
என்றே கணக்கு.
ஒருமுறை போஜராஜ் அதை பஸ்ஸில் விட்டு இறங்கினான்.
மேட்டுப்பாளையம் டிப்போவிலிருந்து
மூன்றாம் நாள் திரும்பி வந்தது,
அட்டையெல்லாம் கேரட் மண்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டங்கள்.
எல்லோருக்கும் ஒரே தாள், இணையத்தில்.
ஷமீனா கூடலூரில் தட்டும் எழுத்து
பேக்கரிக்கு மேல் இந்த அறையில்
என் கண்ணெதிரே முளைக்கும்.
அவள் பிழையை அவள் முடிக்கும் முன் திருத்துவேன்.
'கைய எடுங்கக்கா' என்று
பக்கத்துக் கட்டத்தில் வந்து விழும்.

பத்தொன்பது அறுபதானது.
அறுபது, நூற்று நாற்பது.
எருமாடு, சேரம்பாடி, கொளப்பள்ளி,
நான் கால் வைக்காத ஊரிலெல்லாம்
எனக்கு வரிசைகள் இருந்தன.
பச்சை என்றால் சந்தித்தார்கள்.
மஞ்சள், போனில் மட்டும்.
சிவப்புக்குக் காரணம் எழுத வேண்டும்:
டவர் இல்லை. மண்சரிவு. வழியில் யானை.
நன்கொடை தந்தவர்கள் வந்து
பச்சையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

'குறிப்பு' என்றொரு பத்தி வைத்தது நான்.
புதிதாகச் சேரும் அண்ணன் அக்காவுக்கு வசதியாக,
பிள்ளை எப்படி, இரண்டு மூன்று சொல்லில்.
'அப்பா குடி.' 'கணக்கு வராது.' 'கோபக்காரன்.'
இணைப்பை அனுப்பும்போது
யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று
திறந்து விட்டிருந்ததும்
நான்தான்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, பதினொன்றரை.
கரண்ட் போய் நான்கு மணி நேரம்,
லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
கீழே ரோட்டில் காட்டெருமை ஒன்று
குப்பைத்தொட்டியை முட்டிக்கொண்டிருந்தது.
தாளின் மேல் மூலையில்
ஊதா வட்டத்துக்குள் ஒரு விலங்கு வந்து நின்றது.
பெயர் சொல்லாமல் நுழைகிறவர்களுக்கு
மென்பொருளே ஒரு மிருகத்தைச் சூட்டிவிடும்.
இது நீர்நாய்.

நின்று நின்று இறங்கியது, வரிசை வரிசையாக.
நூற்றுப் பதினேழில் நின்றேவிட்டது.
நிரோஜா. கொளப்பள்ளி. பத்தாம் வகுப்பு.
'கூச்சம்; படிப்பு நிற்கலாம்.'

கட்டத்தைச் சுற்றி ஊதாக் கோடு.
அசையவில்லை.
ஏழு சதவீதம்.
பிறகு 'லாம்' போனது.
'நிற்க' போனது.
படிப்பு போனது, கூச்சமும் போனது.
தடுக்க எனக்கு வழி தெரியும்.

வெற்றுக் கட்டத்தில் வந்தது:
'கூச்சம் எல்லாம் இல்ல. அந்த அக்கா மூணு தடவையும்
போனைப் பாத்துக்கிட்டே பேசினாங்க.
எனக்கு கெமிஸ்ட்ரி வேணும். ஆள் இருந்தா சொல்லுங்க.'
கொஞ்சம் யோசித்து ஒரு கட்டம் கீழே இறங்கி,
நூற்றுப் பதினெட்டில்,
'கோபக்காரன்' என்பதை அழிக்காமல்
பக்கத்தில்:
'சாப்பிட்டா சரியாயிடுவான்.'

லேப்டாப் அணைந்தது.

காலையில் மாற்றங்களின் பட்டியல்
பழையதை மீட்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.
பூட்டுங்கள் முதலில், என்றார் ரெஜினா,
சின்னப் பிள்ளைகள் விவரம் இது,
சந்தையில் விரித்த பாயா?
அவர் சொன்னது சரி. டீ ஆறுவதற்குள் பூட்டினேன்.
குறிப்புப் பத்தியை,
நூற்று நாற்பது கட்டங்களை,
ஒரே தட்டில் எடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

பந்தலூர் மருந்துக்கடையில் ரூபிணி,
பி.ஃபார்ம், ஞாயிறு மட்டும் முடியுமாம்.
நூற்றுப் பதினேழு இப்போதைக்கு மஞ்சள்.
ரோடு சரியானால் பார்க்கலாம்.

பதினெட்டின் அந்த ஒரு வரியை
தனியே ஒரு கட்டத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்,
எந்தப் பத்தியில் சேர்ப்பதென்று தெரியவில்லை.